காயப்பட்ட நாயை வீட்டில் வைத்துப் பராமரித்தல்

கச்சான் பிடுங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில், வன்னியில் மீளக் குடியமர்ந்த குடும்பமொன்றின் தகப்பனும் பத்து வயது மகனும் எமது பணிமனை வாசலில் வந்து நின்றார்கள். தகப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின் கரியரில் ஒரு பலகை; பலகையில் அரிசிச் சாக்கு; சாக்கின் மேல் அவர்களது நாய் கறுப்பன். முதல் நாள் இரவு பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று மோதியிருந்தது. பின்னங்கால் ஒன்று தொங்கியது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. காயத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, அதன்மேல் கோப்பித்தூளும் அப்பியிருந்தார்கள்.

“பாதர், பெடியன் அழுகிறான் எண்டுதான் கொண்டந்தனான். எங்களுக்கே மருந்து வாங்க வழியில்லை. நாய்க்குச் செலவழிக்க நான் எங்க போறது?” என்று தகப்பன் கேட்டார்.

இது நியாயமான கேள்வி. இதே கேள்வியைப் பல குடும்பங்கள் எம்மிடம் கேட்டிருக்கின்றன. கையிலுள்ள சொற்ப பணத்துடன், வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டு, எவ்வளவு தூரம் நாமே செய்யலாம், எந்த இடத்தில் கால்நடை வைத்தியரை நாட வேண்டும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

நாய்க்கு ஏன் செலவிட வேண்டும்?

அன்று அந்தத் தகப்பனோடு இருந்து கணக்குப் பார்த்தோம். கச்சான் முற்றும் காலத்தில் பன்றிக் கூட்டம் ஓரிரவு தோட்டத்தில் இறங்கினால் எத்தனை வரிசை போகும்? நாய் இல்லாவிட்டால் எத்தனை இரவு அவரும் மனைவியும் மாறி மாறி விழித்திருக்க வேண்டும்? விழித்திருந்தவர் மறுநாள் கூலி வேலைக்குப் போக முடியுமா? புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தால் அது காவலுக்குப் பழக ஒரு வருடமாவது செல்லும். எனவே நாயின் காயமும் தோட்டத்தின் நட்டக் கணக்கில் சேரும்.

இன்னொரு காரணத்தை அந்த வீட்டு அப்பம்மா சொன்னார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டார்கள். “நாயைக் கட்டினபடி விட்டிட்டு வந்திட்டன். அவிழ்த்துவிட நினைப்பு வரேல்லை. நாவற்குழிப் பாலம் தாண்டின பிறகுதான் நினைப்பு வந்தது” என்றார். அதன்பின் வன்னி, 2009இல் முகாம், பிறகு மீண்டும் வன்னி. எத்தனையோ இழப்புகளுக்குப் பிறகும் அந்தக் கட்டு அவர் மனதில் அவிழவில்லை. இழந்தவர்களுக்குத்தான் ஓர் உயிரை வைத்துக் காப்பாற்றுவதன் அருமை தெரியும். பிள்ளைகளும் அதைப் பார்த்தே பழகுகிறார்கள்.

முதல் அரை மணித்தியாலம்

1. முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். நோவிலுள்ள நாய் எசமானையும் கடிக்கும். அது அதன் குற்றமன்று. பிள்ளைகளை விலக்கி வையுங்கள். மெதுவாகப் பேசிக்கொண்டு பக்கவாட்டில் அணுகுங்கள். பழைய சாரத்தில் இரண்டு விரல் அகலமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட துணியைக் கிழித்தெடுங்கள். அதை வளையமாக்கி மூக்கின் மேல் போட்டு இறுக்கி, இரு முனைகளையும் நாடிக்குக் கீழே குறுக்காக மாற்றி, காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடுங்கள். மூச்சு விடச் சிரமப்படும், வாந்தியெடுக்கும் அல்லது வாயில் காயமுள்ள நாய்க்கு இவ்வாறு கட்டக் கூடாது. மற்ற நாய்களுக்கும் சில நிமிடங்களுக்கு மேல் கட்டை வைத்திருக்க வேண்டாம். நாய் நாக்கை வெளியே விட்டு இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது.

2. இரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் மீண்டும் உடைந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். கயிற்றால் காலை இறுக்கிக் கட்ட வேண்டாம். இரத்தம் ஓடாமல் காலே பழுதாகிவிடும்.

3. வளைக்காமல் தூக்குங்கள். வாகனத்தில் அடிபட்ட நாய்க்கு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரு பலகையில் மெதுவாக நகர்த்திக் கிடத்துங்கள். பலகை இல்லாவிட்டால் சாக்கை விரித்து, இருவர் நான்கு மூலையையும் இழுத்துப் பிடித்துத் தூக்கலாம். நிழலான, ஈரமில்லாத இடத்தில் கிடத்துங்கள்.

வீட்டில் வைத்திருக்கலாமா?

காயத்தைப் பார்ப்பதற்கு முன் நாயைப் பாருங்கள். வெளியே சிறு கீறல் மட்டும் தெரிய, உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். பின்வருவனவற்றைப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

முரசு: மேல் உதட்டை உயர்த்திப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுவதற்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிலருடைய நாய்களுக்கு முரசு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ்க் கண்ணிமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலமாகவோ இருந்தால் ஆபத்து.

மூச்சு: அமைதியாகப் படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 30 தடவை நெஞ்சு ஏறி இறங்கும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, வயிற்றால் எக்கி மூச்சு விட்டால் தாமதிக்க வேண்டாம்.

உடற்சூடு: வெப்பமானியின் முனையில் தேங்காயெண்ணெய் பூசி, ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்தி அளவெடுங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாகை பரனைற் வரை. எமது உடலை விடக் கூடுதல். எனவே தொட்டுப் பார்த்து “காய்ச்சல்” என்று முடிவு செய்ய முடியாது. 104க்கு மேலும் 99க்குக் கீழும் ஆபத்து. அந்த வெப்பமானியை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சிறுநீர்: அடிபட்டு ஒரு நாளுக்குள் நாய் சிறுநீர் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டாலும், இரத்தமாகப் போனாலும் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம்.

பின்னங்கால்கள்: இரண்டும் இழுபட்டால், பாதத்தின் விரலொன்றை நன்றாகக் கிள்ளிப் பாருங்கள். காலை இழுப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்று கவனியுங்கள். அப்படிச் செய்தால் நோவு மூளைக்கு எட்டுகிறது, நம்பிக்கை உண்டு.

மேற்சொன்னவற்றில் ஒன்றாவது பிழையாக இருந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும், வயிறு அல்லது நெஞ்சு துளைக்கப்பட்டிருந்தாலும், கண் வெளியே வந்திருந்தாலும், பன்றி வெடி கடித்து வாய் சிதைந்திருந்தாலும் உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். உங்கள் பிரதேசத்துக்குரிய அரச கால்நடை வைத்தியர் பணிமனையில், தனியார் சிகிச்சை நிலையத்தை விடச் செலவு குறைவு. போகுமுன் தொலைபேசியில் கேட்டு, வைத்தியர் இருக்கும் நேரத்தை அறிந்துகொண்டு போங்கள். வெட்டுக்காயத்துக்குத் தையல் போட வேண்டுமானால் ஆறு மணித்தியாலத்துக்குள் போவது நல்லது. பிந்திய, அழுக்கான காயத்தை மூடித் தைத்தால் உள்ளே சீழ் கட்டும்.

காயத்தைக் கழுவுதல்

காயம் ஆறுவதில் பாதி, நன்றாகக் கழுவுவதில் தங்கியுள்ளது. ஒரு லீற்றர் நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மூடி ஆறவிடுங்கள். இந்த அளவு உப்பு உடலின் உப்புக்குச் சமம், எரியாது. கூடப் போட்டால் புதுச்சதை கருகும்.

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கையுறை இல்லாவிட்டால் புதிய சொப்பிங் பைகளைக் கைகளில் மாட்டிக்கொள்ளுங்கள். காயத்தின் மேல் ஈரத்துணியொன்றை வைத்து மறைத்தபின், சுற்றிவர உள்ள மயிரைக் கத்தரியுங்கள். வெட்டிய மயிர் உள்ளே விழாது. பின்னர் துணியை எடுத்துவிட்டு, 20 மில்லிலீற்றர் சிறிஞ்சினால் உப்புநீரைக் காயத்தினுள் பீச்சுங்கள். சிறிஞ் இல்லையா? கழுவிய மென்பானப் போத்தலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, போத்தலை அமுக்கிப் பீச்சலாம். மண், மயிர், கல் எல்லாம் போகும்வரை குறைந்தது அரை லீற்றர் செலவிடுங்கள். பஞ்சால் துடைக்க வேண்டாம். பஞ்சு நார் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து பொவிடோன் அயடீன். பார்மசியில் விற்கும் 10 சதவீதக் கரைசலில் இரண்டு தேக்கரண்டியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கலந்தால் வெளிறிய தேநீர் நிறம் வரும். அதுவே போதும். போத்தலில் உள்ளபடியே ஊற்றினால் கிருமியோடு புதுச்சதையும் சாகும், காசும் வீண். முதல் மூன்று நாள் காலையும் மாலையும், பின்னர் தினம் ஒரு தடவை இவ்வாறு கழுவுங்கள்.

நாய்க்கடியால் வந்த காயத்தில் வெளியே சிறு துளை தெரியும். உள்ளே சதை கிழிந்திருக்கும். அத்துளையை அடைக்காமல் திறந்தே வையுங்கள். கம்பித் தடத்தில் அகப்பட்டு மீண்ட நாயை ஒரு வாரம் தினமும் பாருங்கள். கம்பி இறுக்கிய இடத்தில் சதை செத்திருந்தால் அது சில நாட்கள் கழித்தே தெரியவரும்.

சீழ் வைத்த திறந்த காயத்துக்கு மலிவான வைத்தியமொன்று உண்டு. கழுவிய பின் சுத்தமான சீனியை அரை விரல் தடிப்பில் இட்டு, தடித்த துணியால் கட்டி, தினமும் கழுவி மாற்றுங்கள். சீனி காயத்திலுள்ள நீரை இழுத்துக் கிருமி பெருகாமல் தடுக்கும். கலப்படமற்ற தேனும் அவ்வாறே. எறும்பு வரும் இடமானால் கட்டிலின் கால்களை நீர்ச் சிரட்டைகளில் வைப்பதுபோல நாயின் பலகையையும் உயர்த்தி வைக்க வேண்டும். அது முடியாவிட்டால் இம்முறையை விட்டுவிடுங்கள். காயம் சுத்தமாகிச் செந்நிறப் புதுச்சதை வந்ததும் சீனியை நிறுத்துங்கள்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய், பெற்றோல், கழிவு எண்ணெய், பினைல், ஸ்பிறிற்று ஆகியவை சதையைப் பொசுக்கும், நக்கினால் நஞ்சு. சாம்பல், சாணி, கோப்பித்தூள், கடை மஞ்சள்தூள் ஆகியவற்றை அப்ப வேண்டாம். இரத்தம் நின்றதுபோலத் தோன்றும். உள்ளே அழுக்கு அடைபடும்.

மனிதருக்குரிய நோ மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். ஐபுபுரோபன், டைக்ளோபெனாக் ஆகியவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பனடோல் அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். முன்னர் யாருக்கோ வாங்கி மீந்த அன்ரிபயோற்றிக்கையும், மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தையும் குத்துமதிப்பாகக் கொடுக்க வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தை, நாய் எழுந்து நடந்தாலும், சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.

இலையானும் புழுவும்

எமது வெப்பத்தில் காயப்பட்ட நாய்கள் பல இறப்பது அடியினால் அல்ல, புழுவினால். இலையான் இடும் முட்டை அரிசிக் குறுணல் போல மயிரில் ஒட்டியிருக்கும். ஒரு நாளுக்குள் புழுவாகும். எனவே பகலில் நாயை நுளம்பு வலைக்குள் வைத்திருங்கள். கிழிந்த வலையைத் தைத்துப் பயன்படுத்தலாம். மலசலத்தை உடனே அகற்றுங்கள்.

புழு வந்துவிட்டால் நல்ல வெளிச்சத்தில், குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து, சவர்க்கார நீருள்ள பேணியில் போடுங்கள். உப்புநீரைப் பலமாகப் பீச்சினால் உள்ளே இருப்பவை வெளிவரும். தோலுக்குக் கீழே குகைபோலப் போயிருக்கும். விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இன்று எடுத்தோம் என்று விட்டுவிடாமல், அடுத்த மூன்று நாளும் தேடுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தையோ பூச்சி உருண்டையையோ காயத்தினுள் வைக்கவே கூடாது. அது தோலினூடாக இரத்தத்தில் சேர்ந்து நாயைக் கொல்லும். வளவில் நிற்கும் கோழிக்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

முறிந்த கால்

முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால், வைத்தியரிடம் கொண்டுபோகும்வரை தாங்கு கட்டலாம். காலைத் துணியால் மெத்தென்று சுற்றி, தடித்த காட்போட் மட்டையை அல்லது சீவிய பனம்மட்டைத் துண்டை முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அடங்கும்படி வைத்துக் கட்டுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினால் அல்லது குளிர்ந்தால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். தொடையிலும் தோளிலும் முறிந்தால் தாங்கு கட்டவே வேண்டாம். கட்டின் பாரம் முறிந்த இடத்தில் நெம்பி மேலும் கெடுக்கும்.

சத்திர சிகிச்சைக்கு வசதியில்லாத பல முறிவுகளுக்கு, முக்கியமாக இடுப்பெலும்பு முறிவுக்கு, நாம் கொடுக்கக்கூடிய மருந்து ஓய்வுதான். எலும்பு எப்படி முறிந்துள்ளது என்பதை வைத்தியர் ஒரு தடவையாவது பார்த்துச் சொல்லட்டும். பின் கொட்டிலின் ஒரு மூலையில் நாலடிக்கு மூன்றடி இடத்தைக் கிடுகால் அல்லது பலகையால் அடைத்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கை விரியுங்கள். பசளைப் பையும் கிருமிநாசினி வந்த பெட்டியும் வேண்டாம். வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் எட்டு வாரமும், குட்டிக்கு மூன்று முதல் நான்கு வாரமும் அடைப்பிலேயே இருக்க வேண்டும். நோவு குறைந்ததும் ஓடப் பார்க்கும். அந்நேரம் விட்டுவிடுவதே பலர் செய்யும் தவறு. மலசலத்துக்கு வெளியே கொண்டுபோகும்போது வயிற்றின் கீழே துவாயைக் கொடுத்துப் பின்பகுதியைத் தூக்கிப் பிடியுங்கள். எழும்ப முடியாத நாயை நாலு மணித்தியாலத்துக்கொரு தடவை மறுபக்கம் புரட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

காலை அகற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் பயப்பட வேண்டாம். மூன்று காலில் நாய் நன்றாகவே வாழும்.

நக்காமல் தடுத்தல்

“நாயின் நாக்கில் மருந்து உண்டு” என்பார்கள். சிறிது நக்கினால் அழுக்குப் போகலாம். ஓயாமல் நக்கினால் காயம் புண்ணாகும், தையலும் பிரியும். பழைய பிளாஸ்ரிக் வாளியின் அடியில் தலை நுழையும் அளவு வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பைச் சைக்கிள் ரியூப் துண்டால் மூடி, கழுத்துப் பட்டியோடு கட்டுங்கள். வாளி மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். சாப்பிடும்போது பக்கத்தில் நின்று கழற்றிவிடலாம்.

நீரும் சாப்பாடும்

பதினைந்து கிலோ நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர் நீர் வேண்டும். தோளின் மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும்; மெதுவாகப் படிந்தால் நீர் குறைவு. ஜீவனிக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தானே குடிக்காவிட்டால் சிறிஞ்சைக் கன்னத்தின் பக்கம் வைத்து மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நீர் சுவாசப்பைக்குள் போகும்.

காயம் ஆறப் புரதம் தேவை. சோற்றோடு உப்பு, தூள் போடாமல் அவித்த சூடை மீன், ஒரு முட்டை அல்லது நன்றாக அவிந்த பருப்பு போதும். மீன்காரர் எறியும் தலைகளை அவித்து, பெரிய முள்ளை நீக்கிக் கொடுக்கலாம். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கறிச்சட்டி வழித்த சோற்றில் அது இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

விசர்நாய் நோயை மறக்க வேண்டாம்

இரக்கம் வேண்டும், கவனமும் வேண்டும். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயின் உமிழ்நீர் உங்கள் கைக்கீறலில் பட்டாலே போதும். கடித்தாலோ, நகத்தால் கீறினாலோ, காயத்தில் நக்கினாலோ, உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆசுப்பத்திரிக்குப் போங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். “நாய் சாகிறதா பார்ப்போம்” என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். நாயைக் கட்டிவைத்துக் கவனிப்பதும் ஊசி போடுவதும் எப்படி என்பதை வைத்தியர் முடிவு செய்வார். இந்நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. லூயி பாஸ்ரர் 1885இல் முதன்முதலாக ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு இத்தடுப்பூசியை ஏற்றியதும் அறிகுறி தோன்றுவதற்கு முன்னரே.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடி தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைக் கண்டால் “தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது” என்று நினைத்துச் சிலர் வாய்க்குள் கையை விடுகிறார்கள். அது விசர்நாய் நோயின் அறிகுறியாக இருக்கலாம். கையை விடாமல், பிள்ளைகளை அகற்றி, நாயை அடைத்துவைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். உங்கள் நாய்க்கு வருடந்தோறும் தடுப்பூசி போடுவியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒழுங்குசெய்யும் நாட்களில் அது இலவசமாகவே போடப்படுகிறது.

காப்பாற்ற முடியாதபோது

எல்லா நாயையும் காப்பாற்ற முடியாது. விரலைக் கிள்ளியும் உணர்வில்லாமல் பின்பகுதி முழுவதும் செயலிழந்து போனால், மூச்சுத் திணறல் மாறாவிட்டால், நோவு எதனாலும் தணியாவிட்டால், வைத்தியரிடம் ஆலோசித்து ஊசி மூலம் நோவின்றி முடிவு செய்வதே இரக்கம். நஞ்சு வைப்பதும், சந்தையடியில் கொண்டுபோய் விடுவதும் கொடுமை. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் சட்டம் எமது நாட்டில் 1907 முதல் உண்டு. பிள்ளைகளிடம் “ஓடிப்போய்விட்டது” என்று பொய் சொல்ல வேண்டாம். ஏன், எப்படி என்று சொல்லி, புதைக்கும்போது கூட நிற்க விடுங்கள். எமது பிள்ளைகள் காரணம் சொல்லப்படாத இழப்புகளை ஏற்கெனவே நிறையக் கண்டவர்கள்.

கறுப்பனுக்கு நடந்தது

கறுப்பனின் தொடையெலும்பு முறிந்திருந்தது. சத்திர சிகிச்சைக்குத் தூர இடத்துக்குக் கொண்டுபோக அக்குடும்பத்தால் முடியவில்லை. வைத்தியர் காயத்தைச் சுத்தமாக்கி, மருந்து கொடுத்து, அடைத்து வைக்கச் சொன்னார். ஏழு வாரம் அது கிடுகு அடைப்புக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் புழு வந்தது. பையனும் அப்பம்மாவும் ரோச் வெளிச்சத்தில் எடுத்தார்கள். அந்தப் போகம் தகப்பனே காவல் கொட்டிலில் படுத்தார். அசந்த ஓரிரவில் பன்றி சில வரிசைகளைக் கிண்டிவிட்டது. காயம் ஆறியது, கால் சற்றுக் கட்டையாகி நொண்டுகிறது. அடுத்த போகம் கறுப்பன் மீண்டும் தோட்டத்தில் படுத்தது. நொண்டினாலும் குரைப்பதில் குறையில்லை.

தகப்பன் செலவையெல்லாம் பையனின் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்: அயடீன் ஒரு போத்தல், சிறிஞ், கட்டுத்துணி, மாத்திரை, ஓட்டோக் கூலி. எல்லாவற்றிலும் கூடியது ஓட்டோக் கூலி. இதிலிருந்து அக்கிராமத்தவர்கள் ஒரு பாடம் படித்தார்கள். இப்போது அவர்களது மாதர் சங்கத்தில் ஒரு பிஸ்கற் பேணி இருக்கிறது. அதற்குள் சிறிஞ், கத்தரிக்கோல், குறடு, வெப்பமானி, பொவிடோன் அயடீன், அவித்து வெயிலில் காயவைத்து மடித்த பழைய சாரத் துண்டுகள் உள்ளன. பத்துக் குடும்பங்கள் சிறு தொகை போட்டு வாங்கியவை. எடுத்தவர் முடிந்ததைத் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். வைத்தியரிடம் போக வேண்டி வந்தால், ஆட்டுக்கோ மாட்டுக்கோ போகவேண்டியவர்களையும் கேட்டு ஒன்றாகப் போகிறார்கள்.

அப்பம்மா சொன்னதையும் அங்கே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளமோ வேறெதுவோ வந்து வீட்டை விட்டு வெளிக்கிட நேர்ந்தால் நாயையும் கூட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால், படலையைத் தாண்டுமுன் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் காயங்களுக்கு வழக்கமாக என்ன பூசுகிறோம்? இவற்றில் எதை விட வேண்டும்?

2. பத்து வீடுகளுக்கு ஒரு மருந்துப் பேணி வைப்பதானால் யார் பொறுப்பெடுப்பது? எதை முதலில் வாங்குவது?

3. எமது நாய்களில் எத்தனைக்கு இவ்வருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டுள்ளது? போடாதவற்றுக்கு என்ன ஒழுங்கு செய்யலாம்?

4. பன்றி வெடியும் கம்பித் தடமும் எமது நாய்களையும் பிள்ளைகளையும் எவ்வாறு பாதிக்கின்றன? அவையின்றிப் பயிரைக் காக்க நாம் சேர்ந்து செய்யக்கூடியது என்ன?